வியாழக்கிழமை வரைக்கும் ஐஸ்

“திருத்தினாளா, இல்லையா? அத மட்டும் சொல்லும்!”

“திருத்தினா. தப்பா இருந்துச்சு, திருத்தினா. தப்பா இருக்கதத் திருத்தாம பொட்டு வச்சுக் கும்பிடவா செய்வாவ?”

“ஓய், சத்தத்தக் கொறையும். இது காலேஜு. உம்ம கயித்துக் கட இல்ல.”

“கயித்துக் கடையா இருந்தா இந்நேரம் சோலி முடிஞ்சிருக்கும்வே. பிஞ்ச கயித்த மாத்திக் குடுத்துட்டு அடுத்த ஆளப் பாத்திருப்பேன்.”

டைப் அடித்துக்கொண்டிருந்த மூன்று பெண்களும் கையை நிறுத்திவிட்டுக் காதைத் திறந்துகொண்டார்கள். கொற்கை முத்து மருத்துவக் கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளர் வேல்ராஜிடம் அந்த அறையில் வைத்துச் சத்தம் போட்டவர்கள் அதற்கு முன்னால் இரண்டே பேர். ஒருவர் கல்லூரித் தாளாளரின் டிரைவர். இன்னொருவர் வேல்ராஜின் மனைவி. மூன்றாவது ஆள் லிங்கராஜ்.

லிங்கராஜ் அப்படியொன்றும் சண்டைக்காரர் இல்லை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கயிறு, மிதவை, நங்கூரம் விற்கிறவர். ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷர். அவருடைய ஒரே மகள் சந்தனச்செல்வி அந்தக் கல்லூரியில் டாக்டருக்குக் கடைசி வருஷம் படித்தாள். கடைசிப் பரீட்சைக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. கூடப் படித்த பிள்ளைகள் எல்லார் கைக்கும் ஹால் டிக்கெட் வந்துவிட்டது. இவளுடையது மட்டும் முதல்வர் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு, வேல்ராஜின் மேஜை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது.

இருபத்து மூன்று வயதுப் பெண். தனியாகப் பிரசவம் பார்த்திருக்கிறாள், இரண்டு பேருக்குத் தலையில் தையல் போட்டிருக்கிறாள். அவளிடம்தான் கல்லூரி, ‘அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்று சொல்லியிருந்தது. அப்பாவும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வேல்ராஜ் குரலை இறக்கி ஒரு தாளை நீட்டினார். “இந்தாரும் அண்ணாச்சி. மன்னிப்புப் படிவம். மொதல்ல இத நிரப்பிக் குடும். பெறவு விசாரண.”

“விசாரணைக்கு முந்தியே மன்னிப்பா?”

“விசாரணைக்குப் பெறவு மன்னிப்புக் கேட்டா, விசாரிச்சுக் குத்தவாளியாக்கின மாதிரில்லா ஆயிரும்? நம்ம காலேஜுல அப்படிப்பட்ட வழக்கம் கெடையாது.”

லிங்கராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அந்தக் கல்லூரியில் மன்னிப்புக்கென்று இருந்தது ஒரே படிவம்தான். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயை உடைக்கிற பிள்ளைகளுக்காக என்றைக்கோ அச்சடித்தது. ‘உடைத்த பொருள்’ என்று ஒரு கோடு, ‘உடைந்த விதம்’ என்று ஒரு கோடு.

“இதுல என்னத்த எழுத?”

“உடைத்த பொருள்னு இருக்குல்லா, அங்கன ‘ஒழுங்கு’ன்னு போடும்.”

“உடைந்த விதம்?”

“‘வெந்நீரால்’னு போடும்.”

லிங்கராஜ் மகளைப் பார்த்தார். மகள் ஜன்னலைப் பார்த்தாள்.

அந்த வெந்நீர் எங்கே கொதித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், செல்வி இரண்டாம் வருஷம் படித்தபோது, அவளும் ஸ்ரீவைகுண்டத்துப் பையன் அச்யுதனும் வேறு ஏழு பிள்ளைகளும் சேர்ந்து இணையத்தில் ஒரு பொது நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். வகுப்பில் கிடைத்த நோட்ஸ், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, இதயமும் ஈரலும் ஒரே கறுப்பாகத் தெரிகிற பதம். அதனால் யாருக்கு எது தெரியுமோ அதை அவர்களே எழுதினார்கள். யார் கண்ணில் தப்புப் பட்டதோ அவர்களே திருத்தினார்கள். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். திருத்துகிறவர் கீழே மூன்று வரி எழுத வேண்டும்: முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது, யார் சொன்னது. அந்த ‘யார்’ புத்தகமாக இருக்கலாம், பேராசிரியராக இருக்கலாம், வார்டில் படுத்திருக்கிற நோயாளியாகவும் இருக்கலாம்.

முதல் பக்கமே ஒரு நோயாளி சொன்னதுதான். பதினாலாம் நம்பர் படுக்கையில் கிடந்த உப்பளத்துக்காரர், “டாக்டரு பிள்ளைகளா, என் வியாதிய நாலு ஆஸ்பத்திரியில கேட்டு மனப்பாடமா வச்சிருக்கேன். நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க” என்று சொல்ல, இவர்கள் எழுதிக்கொண்டார்கள். பிறகு புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தபோது மனுஷர் இரண்டு இடத்தில்தான் தப்பியிருந்தார். அதனால் அந்தத் தளத்துக்கே ‘பெட் நம்பர் 14’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் ஆயிரத்து முந்நூறு பக்கம். மதுரை, நாகர்கோவில் பிள்ளைகள்கூட வந்து எழுதினார்கள். பேராசிரியர்கள் சிலர் வகுப்புக்கு வருமுன் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து செல்போனில் அதைத்தான் படித்தார்கள் என்று வாட்ச்மேன் சொல்வார். வாட்ச்மேன் பொய் சொல்கிற ஆள் இல்லை.

இதெல்லாம் கல்லூரிக்குத் தெரியாமல் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. போன வருஷம் டெல்லியிலிருந்து தரம் பார்க்கிற குழு வரப்போகிறது என்று கடிதம் வந்தது. கூடவே ஒரு கேள்வித்தாள். அதில் நாற்பத்தோராவது கேள்வி: ‘உங்கள் ஆசிரியர்கள் உருவாக்கிய இணையவழிப் பாடத் தொகுப்பு உண்டா?’ முதல்வர் டாக்டர் சுதர்சனம் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள், உண்டு என்று கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்த வேகத்தில் திறப்பு விழா வைத்தார். இரண்டு வருஷமாகத் திறந்தே கிடந்த தளத்தை எப்படித் திறப்பது என்று குழம்பி, கடைசியில் ஒரு நாள் முழுக்க மூடி வைத்துவிட்டுத் திறந்தார்கள். கம்ப்யூட்டர் திரைக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, ஆபரேஷன் தட்டில் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினார்கள். மாணவர்களின் பெற்றோருக்குக் கடைசி வரிசையில் நாற்காலி. லிங்கராஜின் மனைவி பிரேமா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போயிருந்தாள்.

சுதர்சனம் மைக்கைப் பிடித்தார். “அறிவு என்பது தனிமனிதச் சொத்து அல்ல. ஆகையால், இதை எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும் மாணவர்களின் பெயர்களைப் பெருந்தன்மையோடு நீக்கிவிட்டோம். பெயரே இல்லாமல் இருந்தால் டெல்லிக்காரர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பதால், வேறு வழியில்லாமல் என் பெயரை வைத்திருக்கிறோம்.”

கைதட்டல். ‘பெட் நம்பர் 14’ அன்றிலிருந்து ‘டாக்டர் சுதர்சனம் மின் அறிவுக் களஞ்சியம்’ ஆயிற்று. எழுதியவர்கள் பட்டியலில் முப்பத்து நாலு பேராசிரியர்கள். அதில் ஒருவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போன ஆவணி ஞாயிற்றுக்கிழமை அவர் மஞ்சள் காமாலையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியதாகக் குறிப்பு இருந்தது.

இணையத்தில் இருப்பதை யாரும் மாற்றிவிடக் கூடாது என்று, ஆயிரத்து முந்நூறு பக்கத்தையும் அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கல்லூரி முத்திரை குத்தி, சிவப்பு ரெக்ஸின் அட்டை போட்டு, நூலகக் கண்ணாடி அலமாரியில் பூட்டினார்கள். அச்சில் உள்ளதுதான் மூலம், இணையத்தில் இருப்பது நகல் என்று சுற்றறிக்கை வந்தது. பிழை இருந்தால் என்ன செய்வது என்பதற்கு ‘அறிவுத் தூய்மைக் குழு’ என்று ஒன்று போட்டார்கள். வியாழக்கிழமை தோறும் கூடும். டீயும் கீரை வடையும் உண்டு. அதன் முதல் விதியை சுதர்சனமே எழுதினார்: ‘ஒரு பிழையை, அப்பிழையைச் செய்தவர் மட்டுமே, தாம் பிழை செய்ததாக எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு, திருத்தக் கோரலாம்.’ எட்டு மாதத்தில் ஒரு கோரிக்கைகூட வரவில்லை. களஞ்சியத்தில் பிழையே இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று என்ன வேண்டும் என்று ஆண்டறிக்கையில் போட்டார்கள்.

அந்தக் களஞ்சியத்தில், கடல் மீன்கள் குத்தினால் என்ன செய்வது என்ற பக்கத்தில், பிள்ளைகள் எழுதியதை எடுத்துவிட்டு முதல்வரின் முப்பத்தொரு வருஷத்துப் பழைய வகுப்புக் குறிப்பைப் போட்டிருந்தார்கள். திருக்கை முள் குத்தினால் ஐஸ் வை என்றது அது. செல்விக்கு அது கண்ணில் பட்டதுதான் வினை. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அவள் அவசரப் பிரிவில் வேலை பார்த்தபோது, புன்னைக்காயல் கிங்ஸ்டன் வலது காலில் திருக்கை குத்தி, தடுப்பூசி போட வந்திருந்தான். கிங்ஸ்டன் லிங்கராஜ் கடையில் கயிறு வாங்குகிற பையன்தான். “ஐஸ் வச்சா வலி உச்சிக்கு ஏறும் டாக்டரம்மா. கை பொறுக்கிற சூட்டுல வெந்நி எடுத்து, காலத் தூக்கி ஒரு மணி நேரம் உள்ள வச்சிரணும். எறங்கிரும்” என்றான். அவள் புத்தகத்தைப் புரட்டினாள். புத்தகம் கிங்ஸ்டன் பக்கம் இருந்தது.

களஞ்சியத்தில் ஐஸைப் பார்த்த அன்று சாயங்காலமே அச்யுதனுக்குப் போன் போட்டாள். அச்யுதன் இப்போது களஞ்சியத்துக்கு மாணவர் ஒருங்கிணைப்பாளர். சட்டையில் குத்திக்கொள்ள வட்டமாக ஒரு பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். பழைய கடவுச்சொல்லை இன்னும் மாற்றவில்லை என்று அவன்தான் சொன்னான். “நீ மாத்திரு செல்வி. யாராவது கேட்டா நான் பாத்துக்கிடுதேன்.” அவள் மாற்றினாள். பழக்க தோஷத்தில் கீழே மூன்று வரியும் எழுதினாள். முன்பு: ஐஸ். இப்போது: வெந்நீர். சொன்னது: இன்ன புத்தகம், இன்ன பக்கம், மற்றும் கிங்ஸ்டன், புன்னைக்காயல், வலது கால்.

புத்தகத்தின் பெயரை மட்டும் போட்டிருந்தால் தப்பித்திருப்பாள் என்று பிறகு தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்த வலது கால்தான் கல்லூரிக்குத் தாங்கவில்லை.

விசாரணை வியாழக்கிழமை நடந்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். லிங்கராஜுக்கு நோயாளிகள் உட்காருகிற சுற்றுகிற ஸ்டூல். உட்கார்ந்ததும் அது அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டது. காலை ஊன்றித் திரும்பிக்கொண்டார்.

“திருப்பாற்கடலே வற்றினாலும் என் குறிப்பு மாறாது என்று சொல்கிறவன் நான் இல்லை,” என்று தொடங்கினார் சுதர்சனம். “ஆனால் யோசித்துப் பாருங்கள். முப்பத்தொரு வருஷமாக நான் ஐஸ் என்று கற்பிக்கிறேன். நாலாயிரம் மாணவர்கள் பரீட்சையில் ஐஸ் என்று எழுதினார்கள். நான்தான் திருத்தினேன். ஒருவர்கூடத் தவறு என்று மதிப்பெண் இழக்கவில்லை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?”

“நோயாளி யாருக்காவது வலி குறஞ்சுதா சார்?” என்றாள் செல்வி.

“நோயாளிகள் யாரும் திரும்பி வந்து புகார் சொன்னதில்லை.”

“வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாவ சார்.”

தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்து, “அதைக் குறித்துக்கொள்ளுங்கள், எதிர்த்துப் பேசினார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கினார்.

லிங்கராஜ் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார். “சார், நான் படிக்காதவன். ஒண்ணே ஒண்ணு. புஸ்தகத்துலயும் வெந்நின்னுதானே இருக்காம்?”

“புத்தகம் யாரும் எழுதலாம்” என்றார் சுதர்சனம். “களஞ்சியம் அப்படி இல்லை.”

பிறகு அச்யுதனைக் கூப்பிட்டார்கள். பழைய கடவுச்சொல்லைப் பயன்படுத்தியது யார் என்று கேட்டார்கள். அவன் தரையில் இருந்த கறையைப் பார்த்துக்கொண்டு, “செல்விதான் சார்” என்றான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே, “நான் வேண்டாம்னுதான் சொன்னேன் சார்” என்றும் சேர்த்துக்கொண்டான்.

செல்வி அவனை ஒரு தடவை பார்த்தாள். பேட்ஜ் நேராகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் அதைத் தொட்டுச் சரிசெய்தான்.

களஞ்சியத்தில் ஐஸ் மறுபடி ஏற்றப்பட்டது. தீர்ப்புத் தள்ளிவைக்கப்பட்டது. ஹால் டிக்கெட் இழுப்பறைக்குள்ளேயே இருந்தது. வெளியே வந்ததும் வேல்ராஜ் லிங்கராஜைத் தூண் மறைவுக்குக் கூட்டிப்போனார். மனசால் கெட்டவர் இல்லை வேல்ராஜ். முப்பது வருஷமாக மனசை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவர், அவ்வளவுதான்.

“அண்ணாச்சி, சார் மனசு எளகணும்லா. சனிக்கெழம புன்னைக்காயல்ல முகாம். டெல்லிக்காரங்க வாராவ. பந்தலுக்கும், கூட்டத்தத் தடுக்கவும் கயிறு வேணும். நீரே கொண்டாந்து நீரே கட்டினீர்னா, சார் கண்ணுல படும்.”

“கட்டினா கையெழுத்துப் போடுவாரா?”

“கண்ணுல படும்னுதான் சொன்னேன்.”

லிங்கராஜ் நல்ல நைலான் கயிறாக இரண்டு சுருள் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை விடிந்ததும் புன்னைக்காயல் கடற்கரைக்குப் போய்ப் பந்தல் கட்டினார். கிங்ஸ்டன் கூடமாட உதவினான். கடைசி வருஷப் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டம் காட்டக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். செல்விக்கு மோர் ஊற்றுகிற வேலை. மேடைக்குப் பின்னால் பதினைந்தடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ்: சுதர்சனம் கைகூப்பி நிற்க, பக்கத்தில் களஞ்சியத்தின் பக்கம் அப்படியே பெரிதாக, ‘திருக்கை குத்தினால் ஐஸ்’ என்று சிவப்பு எழுத்தில்.

சுதர்சனம் பேசினார். “இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிறார்கள். ஆனால் கடலில் என்ன ஆபத்து இருக்கிறது என்ற விழிப்புணர்வு இவர்களுக்கு இல்லை. ஆகவேதான் நாங்கள் காரில் வந்திருக்கிறோம்.”

“அண்ணாச்சி, யாருக்குச் சொல்லுதாரு?” என்று கேட்டான் கிங்ஸ்டன்.

“ஒங்களுக்குத்தாம்லே.”

“அப்படியா” என்று அவன் மரியாதையாக உட்கார்ந்துகொண்டான்.

பேச்சு முடிந்ததும் படம் எடுக்க வேண்டும். முதல்வர் முழங்கால் தண்ணீரில் நின்று மீனவரோடு சேர்ந்து வலையைப் பிடிப்பதாகப் படம். பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். கிங்ஸ்டன் வலையோடு முன்னால் போனவன் திரும்பிக் கத்தினான். “சார்! காலத் தூக்கித் தூக்கி வைக்காதீங்க! மண்ணத் தேச்சுத் தேச்சு நடங்க. கீழ திருக்க படுத்துக் கெடக்கும்!”

“உள்ளூர் நம்பிக்கைகளையும் நாம் பதிவு செய்ய வேண்டும்” என்று டெல்லிக்காரர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, படத்தில் கம்பீரமாக விழும்படி சுதர்சனம் வலது காலை நன்றாகத் தூக்கி வைத்தார்.

அந்தச் சத்தம் கோயில் வாசல் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து பந்தலுக்குள் படுக்க வைத்தார்கள். “மாதாவே! டீக்கடையில வெந்நி இருக்கும், இந்தா வாரேன்” என்று கிங்ஸ்டன் ஓடப் பார்த்தான். வேல்ராஜ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “எலே, எங்க ஓடுத? பின்னால என்ன எழுதிருக்குன்னு பாரு. டெல்லிக்காரங்க நிக்காவ. போர்டுக்கு அடியிலேயே போர்டுக்கு மாறா செய்யவா?”

மீன் பெட்டியிலிருந்து ஐஸ் வந்தது. சாளை மீன் நாற்றம் அடித்தது. காலில் வைத்தார்கள். சுதர்சனம் எழுந்து உட்கார்ந்து மறுபடி படுத்தார். ஐஸ் கரைந்தது, இன்னொரு பெட்டி வந்தது. டெல்லிக்காரர்கள் மூன்று பேரும் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ‘செயல்முறை விளக்கம், மிக நன்று’ என்று குறித்துக்கொண்டார்கள். அதில் ஒருவர், இவ்வளவு தத்ரூபமாக நடிக்கிற முதல்வரை வேறு எந்தக் கல்லூரியிலும் பார்த்ததில்லை என்று ஆங்கிலத்தில் பாராட்டினார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. கணுக்கால் வீங்கி முழங்கால் மாதிரி ஆனது. கூட வந்த டாக்டர்கள் நாலு பேரும், பிழை செய்தவர் எழுதிக் கொடுக்காமல் எப்படி மாற்றுவது என்று தள்ளி நின்றார்கள். விதி அப்படி. வேல்ராஜ் விதியை மறக்கிற ஆள் இல்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பேனாவோடு முதல்வர் முகத்துக்கு நேராக நீட்டினார். “சார், ஒரு வரி. ‘ஐஸ் என்று சொன்னது பிழை’ன்னு போட்டுட்டீங்கன்னா, அவசரக் கூட்டம் போட்டு...”

“எழுத மாட்டேன்!” என்று கத்தினார் சுதர்சனம். “இது திருக்கையே இல்லை! வேற மீன்!”

கிங்ஸ்டன் வலையில் சிக்கியதை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். “அப்ப இது யாரு சார்?”

லிங்கராஜ் அதற்குள் டீக்கடைக்குப் போயிருந்தார். ஒரு பிளாஸ்டிக் வாளியில் வெந்நீரும், விளாவப் பச்சைத் தண்ணீரும் வாங்கிக்கொண்டு வந்து, கூட்டத்தை விலக்கி, படுக்கை ஓரத்தில் நின்றார். ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது. சுதர்சனம் அந்த வாளியைப் பார்த்த பார்வையை லிங்கராஜ் அதற்கு முன்னால் வெயில் காலத்தில் தெரு நாய்களிடம்தான் பார்த்திருக்கிறார். செல்வி மோர்ப் பானையை விட்டுவிட்டு ஓடிவந்து கையை நீட்டினாள். அவர் வாளியைக் கொடுக்கவில்லை.

“ஏளா, கொஞ்சம் பொறு” என்றார் மெதுவாக. “மொதல்ல கையெழுத்துப் போடச் சொல்லு.”

“அப்பா.”

“வேல்ராஜ் பையில டிக்கெட் இருக்கு, நான் பாத்தேன். ஒரு கோடு. ரெண்டு எழுத்து. போட்டுட்டுக் கால உள்ள விடட்டும். அஞ்சு வருஷம் மக்கா. இன்னும் பதினேழு நாளு.”

வேல்ராஜ் பையின் வாயைத் திறந்து வைத்தார். அவர் வாழ்க்கையில் செய்த நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும். சுதர்சனத்தின் கை பேனாவைத் தேடி எழும்பியது. எழும்பியதை லிங்கராஜ் பார்த்தார்.

“அப்பா, கீழ வைங்க” என்றாள் செல்வி. “அவருக்கு வலிக்குல்லாப்பா.”

லிங்கராஜ் கீழே வைத்தார். அவள் கையை விட்டுச் சூடு பார்த்தாள், கொஞ்சம் விளாவினாள், முதல்வரின் காலைத் தூக்கி வாளிக்குள் வைத்தாள். பத்து நிமிஷத்தில் கத்தல் முனகலாயிற்று. அரை மணி நேரத்தில் முனகலும் நின்றது. ஆறினபோதெல்லாம் கிங்ஸ்டன் ஓடிப்போய்ப் புது வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான். சுதர்சனம் கண்ணைத் திறந்து, கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணையும் அவள் அப்பாவையும் தாண்டிப் பார்த்தார்.

“போட்டோகிராஃபர் போய்ட்டாரா?” என்றார்.

வேல்ராஜ் பையின் வாயை மூடினார்.

அடுத்த வியாழக்கிழமை அறிவுத் தூய்மைக் குழு கூடியது. முதல்வர் கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு பேசினார். “பிழை என்று எதுவும் இல்லை. ஐஸ் என்பது ஆய்வின் முதல் கட்டம். அதன் முடிவை அறிய முப்பத்தொரு வருஷம் காத்திருந்தேன். கடைசியில் என் உடம்பையே சோதனைக்குக் கொடுத்தேன்.” ஐஸ் நீக்கப்பட்டது, வெந்நீர் ஏறியது. கீழே மூன்று வரி: முன்பு: ஐஸ். இப்போது: வெந்நீர். சொன்னது: டாக்டர் சுதர்சனம், வலது கால். தை மாதம் ஒரு சங்கம் அவருக்குச் சால்வையும் ‘தன்னையே தந்த மருத்துவர்’ என்று ஒரு கேடயமும் கொடுத்தது.

லிங்கராஜ் குழு கூடியதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமையே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. “வெந்நிதான் சரின்னு ஆயிட்டுல்லா. பெறவு பிள்ள டிக்கெட்டக் குடுத்திரலாம்லா?”

வேல்ராஜுக்கே வருத்தமாக இருந்தது. அதனால் பொறுமையாக விளக்கினார். “அண்ணாச்சி, ஒம்ம மவ திருத்தின அன்னைக்கு வெந்நி தப்பு. அது சரியானது நேத்து வியாழக்கெழம, பன்னெண்டே முக்காலுக்கு. நடவடிக்கைக் குறிப்புல இருக்கு. சரியாகதுக்கு ஒரு மாசம் முந்தியே சரின்னு சொல்லிட்டால்லா, அதுதான் குத்தம். ஒரு மாசம் கழிச்சுச் சொல்லிருந்தா இன்னைக்கு அவதான் முன்மாதிரி மாணவி.”

“அவருக்குக் காலு வலிச்சப்ப...”

“அது ரெண்டாவது குத்தம். விசாரணையில இருக்க பிள்ள, அனுமதி இல்லாம முதல்வரத் தொட்டு வைத்தியம் பாத்திருக்கு. அத நான் எழுதாம விட்டேன். அந்த நன்றியாவது வச்சுக்கிடும்.”

செல்வியின் பரீட்சையை ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் லிங்கராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அன்னைக்கே கையெழுத்து வாங்கிருக்கலாம்ளா” என்றார்.

“வாங்கிருக்கலாம்” என்றாள் செல்வி.

“பெறவு ஏன்?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். பிரேமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழம்புச் சட்டியை மூடி வைத்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். அச்யுதன் அந்தப் பரீட்சையிலேயே பாஸாகி, அடுத்த தையில் முதல்வரின் தம்பி மகள் ஸ்ரீப்ரியாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டான். கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயருக்குக் கீழே ‘பதிப்பாசிரியர், டாக்டர் சுதர்சனம் மின் அறிவுக் களஞ்சியம்’ என்று போட்டிருந்தது. லிங்கராஜுக்கும் ஒன்று வந்தது. போகவில்லை. வேல்ராஜ் ஓய்வு பெற்று, கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய் இருக்கிறார். கிங்ஸ்டனுக்கு மணப்பாட்டில் பெண் கட்டினார்கள். இப்போது அங்கேயே தொழில் பார்க்கிறான்.

செல்வி ஆறு மாதம் கழித்து எழுதிப் பாஸானாள், பயிற்சி வருஷத்தையும் முடித்தாள். ஆத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது, வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பையன், இன்ஜினியர். ஏன் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று என்று பையனின் அம்மா கேட்டாள். பிரேமா ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னாள். “பெரியவங்க தப்பக் கண்டுபுடிக்கிற பிள்ள குடும்பத்துக்கு ஆகுமா?” என்று கேட்டுவிட்டு, வைத்த பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அந்தப் பையன் எட்டயபுரத்தில் ஒரு டீச்சரைக் கட்டியிருக்கிறான். ரொம்ப அமைதியான பெண்ணாம்.

செல்வி ராமநாதபுரம் பக்கம் கடற்கரையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு திங்கட்கிழமை இரண்டு பையோடு பஸ் ஏறிப் போனாள். இரண்டு வருஷம் கழித்து அங்கேயே மருந்து கொடுக்கிற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் என்ன ஆட்கள் என்று கேட்டால் பிரேமா தண்ணி லாரியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறாள். லிங்கராஜ் மட்டும் தனியாகப் போய், சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று மாலையே திரும்பிவிட்டார். கடை ஏன் பூட்டிக் கிடந்தது என்று கேட்டவர்களிடம், நாகப்பட்டினத்துக்குச் சரக்கு எடுக்கப் போனேன் என்று சொன்னார். சரக்கு ஒன்றும் வந்து இறங்கவில்லை.